டேப் ஒட்டிய பட்டன்

இந்தச் சின்னத் தீவில், எங்கள் ஊரில் டெவலப்பர் மோடை அணைக்கிற கை என்றால் அது என் கைதான். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை பதினோரு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற லேப்டாப்பில் விளையாட்டுக்கும் வேண்டாத படங்களுக்கும் பூட்டுப் போட்டுத்தான் கொடுப்போம். அதுகள் எங்கேயாவது ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி, டெவலப்பர் மோடு என்கிற பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மேஜையில் வரிசையாக வைப்பேன். பின்கதவு திறந்திருக்கிற லேப்டாப்பை ஆன் செய்தால் முதலில் ஒரு வெள்ளைத் திரை வந்து எச்சரிக்கும். அங்கே ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்கும். என்டரைத் தட்டினால் முடிந்தது. கதவும் மூடிக்கொள்ளும், உள்ளே சேர்த்து வைத்த பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் துடைத்துப்போட்ட மாதிரி போய்விடும். பையன்கள் வந்து மூக்கைச் சிந்துவார்கள். எனக்குத் துளி இரக்கம் வராது.

போன் என்றால் இன்னும் சுலபம். ஏதோ ஒரு எண்ணை ஏழு தடவை தட்டினால் திறக்கிற கதவு, ஒரே தள்ளில் மூடிவிடும். வங்கி ஆப் திறக்க மாட்டேன் என்கிறது என்று ஊர்ப் பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். உன் மகன் நோண்டியிருக்கிறான் என்று சொல்லி அணைத்துக் கொடுப்பேன். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்து சேரும். மதலேனா கை பட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

பிடித்த இன்னொரு பேச்சும் இருந்தது. அக்டோபர் மாதம் வெள்ளை ஞாயிறு வந்தால் மதலேனா நாடகம் என்பார்கள். அன்றைக்குக் கோயில் முழுக்கப் பிள்ளைகளுடையது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக முன்னால் வந்து மனப்பாடமாக வேத வசனம் சொல்லும். பாடும், ஆடும், நாடகம் போடும். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒன்பது வருடம் அந்த நாடகத்தை எழுதினவளும் நான், ஒட்டுத்தாடியை ஒட்டினவளும் நான், வசனம் மறந்த பிள்ளையைத் தொடையில் கிள்ளினவளும் நான்.

பத்தாவது வருடம் ரெபேகா வந்தாள். என் தம்பி லாஃபியின் மனைவி. லாஃபி பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஹொனலூலுவில் கல்யாணம் முடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். எங்கள் இனத்துப் பெண்தான். ஆனால் பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்ததால் எங்கள் பேச்சு அவள் வாயில் நொண்டி அடிக்கும். அங்கே ஏதோ ரேடியோவில் விளம்பரங்களுக்குக் குரல் பதிந்து, வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தாளாம்.

எங்கள் பக்கத்தில் தம்பிக்கு அக்கா என்றால் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வாழ வந்தவள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும். நாத்தனார் ஜாடை காட்டினால் எழுந்து வர வேண்டும். என் வீட்டுக்காரரோ வீட்டோடு மாப்பிள்ளை, மீன் ஆலையில் வேலை, வாயைத் திறக்க மாட்டார். ஆகவே எங்கள் வீடுகள் சேர்ந்து நிற்கிற அந்த வளவில் என் ராஜ்ஜியம்தான். நானும் ரெபேகாவைச் சும்மா விடவில்லை. பாய் துவைக்கச் சொன்னேன், தேங்காய் துருவச் சொன்னேன், துருவினது கரடுமுரடாக இருக்கிறது என்று திரும்பத் துருவச் சொன்னேன். அவள் முகம் சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சரி அண்ணி, சரி அண்ணி என்று சிரித்துக்கொண்டே செய்துவிட்டுப் போவாள். அது என் வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றியது.

ஆகஸ்டில் போதகரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கொக்கோ கொடுத்தார். கொக்கோ கொடுக்கும்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"இந்த வருஷம் நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோ மதலேனா" என்றார். "நாடகத்த ரெபேகா பாத்துக்கட்டும். புள்ளைங்க குரல எல்லாம் முன்னாடியே பதிஞ்சு, பாட்டு, மழைச்சத்தம் எல்லாம் சேத்து, ஸ்பீக்கர்ல விடப் போறாளாம். புள்ளைங்க முன்னால நடிச்சா போதுமாம். கேக்கவே எவ்ளோ நல்லாருக்கு பாரு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிந்தது. நான் ஓய்வு கேட்டேனா? ஒன்பது வருடத்தில் ஒரு நாள் முதுகு வலிக்கிறது என்று சொன்னேனா? நல்லதம்மா, ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். லாஃபியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பெண்டாட்டியை அன்றைக்கே நிறுத்தியிருப்பான். ஆனால் கேட்டு வாங்குகிற மரியாதை எனக்கு எதற்கு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். லோசா விஷயம்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லோசா என் மகள், ஒரே பிள்ளை, ஒன்பது வயது. அவளுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். கண் மூடிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் அவள் வாயைத் திறந்த உடனேயே நான் சொல்லி முடித்துவிடுவேன். 'த...' என்றால் தண்ணீர். 'ப...' என்றால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் பசி. பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். சரியில்லாத இரண்டுக்கும் அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். என் நாடகத்தில் அவளுக்கு ஒரு வருடம் ஆடு வேஷம், ஒரு வருடம் மரம், இரண்டு வருடம் கழுதை. கழுதைக்கு வசனம் கிடையாது பாருங்கள். ஊர் முன்னால் என் பிள்ளை நின்று தவிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். சத்தியமாக அதற்குத்தான்.

அந்த லோசா செப்டம்பர் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கு வராமல், பலாமரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெபேகா வீட்டுக்கு ஓடினாள். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பகலில் கதவைச் சாத்துகிற வீடு எது? ஜன்னலுக்கும் துணி மாட்டியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வருவாள். முகம் அப்படியே மலர்ந்திருக்கும். தலையில் அத்தை பின்னிவிட்ட புதுப்பின்னல், அத்தை பூசிவிட்ட எண்ணெய் வாசனை. என்னடி பண்றீங்க உள்ளே என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

"என்ன ரகசியம் அவகூட ஒனக்கு?"

"அ... அ... அத்..."

"அத்தை சொல்லக் கூடாதுன்னாளா? சரி போ."

நான் பெற்றது, பத்து மாதம் சுமந்தது, ராத்திரி பகல் பார்க்காமல் வளர்த்தது. நேற்று வந்தவளோடு ரகசியம். குளிக்கும்போதுகூட அந்தப் பின்னலை அவிழ்க்க விடமாட்டேன் என்றாள். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் அழுதேன்.

வெள்ளை ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை ரெபேகா என் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். கையில் அவளுடைய லேப்டாப். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற அதே ரகம், ஓரம் நசுங்கின பழசு. அதில் குரல் வெட்டி ஒட்டுகிற மென்பொருளை ஏற்ற வேறு வழியில்லாமல் டெவலப்பர் மோடைத் திறந்து வைத்திருக்கிறேன் அண்ணி, எல்லாம் இந்த ஒரு லேப்டாப்பில்தான் கிடக்கிறது, நம்ம ஊர் இணையத்தில் ஏற்றி வைக்க இரண்டு தடவை பார்த்தேன், பாதியிலேயே நின்றுபோகிறது, பிரதி எடுக்க ஒரு பென் டிரைவ் இருந்தால் ஞாயிறுவரை தர முடியுமா என்று கேட்டாள். என் மேஜை இழுப்பறையில் மூன்று கிடந்தன. இல்லையே, எல்லாம் பசங்க கையில் இருக்கே என்றேன்.

"பரவால்ல அண்ணி. ஸ்பேஸ் பட்டன் மேல டேப் ஒட்டி வெச்சிருக்கேன். யாரும் தெரியாம தட்டிடக் கூடாதுல்ல."

சிரித்துக்கொண்டே போனாள். யாரிடம் வந்து என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு விருந்துக்குச் சேம்பிலையில் தேங்காய்ப்பால் வைத்துச் சுட வேண்டும். அதற்கு என் பெரிய அலுமினியப் பேசின் வேண்டும். அது ரெபேகா வீட்டில் கிடந்தது. எடுத்துவரப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. லாஃபி அடுப்புக் குழியில் சுடவைத்துப் போடக் கல் பொறுக்கப் போயிருந்தான், அவளும் லோசாவும் பிள்ளைகளோடு கோயில் கூடத்தில் கடைசி ஒத்திகையில் இருந்தார்கள். பேசினைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஜெப மணி அடித்தது.

முதல் மணி அடித்தால் அவரவர் இருக்கிற கூரைக்கடியில் இருந்து ஜெபம் செய்ய வேண்டும். இரண்டாவது மணி அடிக்கிறவரை ரோட்டிலும் வளவிலும் ஆள் நடமாடக் கூடாது. நடந்தால் ரோட்டோரம் நிற்கிற இளந்தாரிகள் பிடித்துவைத்து ஊர்ப் பெரியவர்களிடம் பேர் சொல்லுவார்கள். என் வயதுக்கு அந்தக் கேவலம் தேவையா. ஆகவே பேசினை இறக்கி வைத்துவிட்டு அவள் பாயிலேயே உட்கார்ந்தேன். நாலா பக்கமும் வீடுகளிலிருந்து பாட்டு எழும்பியது. நானும் வாயை அசைத்தேன். என் எதிரே தாழ்ந்த மேஜையில் லேப்டாப் இருந்தது.

என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான் மூடியைத் திறந்தேன். தானாக ஆன் ஆகி வெள்ளைத் திரை வந்தது. மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஆனால் அந்தத் திரையைப் படிக்க எனக்குக் கண்ணாடி எதற்கு, ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். எதையும் அழிக்காமல் தாண்டிப் போக இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். உள்ளே போய்க் கடவுச்சொல் கேட்டு நின்றது. அந்தக் கடவுச்சொல் கட்டத்துக்கு மேலே ஒரு போட்டோ.

ரெபேகாவும் லோசாவும். கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு. என் மகள் வாயை முழுக்கத் திறந்து, நாக்கு தெரிய, எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி சிரிக்கிறாள். என்னோடு எடுத்த ஒரு போட்டோவிலும் அவள் அப்படி வாயைத் திறந்தது கிடையாது.

கைப்பழக்கம், தெரியாமல் தட்டிவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். கைப்பழக்கம் டேப்பை உரிக்காது. லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்து, வெள்ளைத் திரை வந்ததும், ஸ்பேஸ் பட்டன் மேல் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பை நகத்தால் கெல்லி உரித்தேன். அதில் ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் எனக்குப் புழு மாதிரி தெரிந்தது. ரெபேகா ஏதோ அதிகாரமாக எழுதி ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பேஸைத் தட்டினேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. பக்கத்து வீட்டில் ஆமென் சொன்னார்கள். நான் என்டரைத் தட்டினேன்.

பழைய லேப்டாப், மெதுவாகத்தான் அழித்தது. திரையில் கோடு ஒன்று நகர்ந்தது. நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: மனசு குளிர்ந்தது. ஆகஸ்டிலிருந்து நெஞ்சில் இருந்த கட்டி கரைகிற மாதிரி குளிர்ந்தது. இரண்டாவது மணி அடித்தபோது, வருக என்று புதிதாக வாங்கினது போலத் திரை வந்து நின்றது. மூடியைச் சாத்தினேன். டேப் விரலைவிட்டு வர மாட்டேன் என்றது. வெளியே காலடிச் சத்தம் வேறு. பேசினைத் தூக்கி, அதன் அடியில் டேப்பைத் தேய்த்து ஒட்டிவிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் லாஃபியின் குரல் பலாமரம் தாண்டிக் கேட்டது. யார் தொட்டது, யார் உள்ளே வந்தது என்று கத்தினான். ரெபேகாவின் குரல் அதற்குமேல் வந்தது.

"யாரும் வரல. பழைய மெஷினு, தானா போயிருக்கும். விடு."

டேப் தானாக உரிந்துகொள்ளாது என்று அவளுக்குத் தெரியாதா? இந்த ஊரில் அந்தப் பட்டனைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் யார் என்று தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். வாழ வந்தவள் நாத்தனார் பேரைப் புருஷனிடம் எடுக்கக் கூடாது என்று யாரோ அவளுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

பிறகு என் சமையல் கொட்டகைக்கு வந்தாள். சேம்பிலை சுருட்டிக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்து, அவளும் ஒரு இலையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"மத்த புள்ளைங்களுக்குப் பிரச்சன இல்ல அண்ணி. அவங்கவங்க வசனத்த நேரா சொல்லிடுவாங்க. லோசாவோடதுதான்."

"லோசாவோடது என்ன?"

"ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தா. நாளைக்குத் தெரியட்டும்னு. அவதான் நாடகத்துல கத சொல்றவ. முழு வசனமும் அவ குரல்லதான் இருந்துச்சு. ஒரு வார்த்தைக்கு நாப்பது தடவ, அம்பது தடவ சொல்லுவா. நல்லா வந்தத மட்டும் எடுத்து எடுத்து ஒட்டினோம். அஞ்சு வாரம். ஒரு எடத்துலகூடத் திக்காம, மொத்தம் ஆறு நிமிஷம். அத போட்டுக் கேட்டுட்டு அவ என்ன சொன்னா தெரியுமா? இது எங்க அம்மாவுக்குன்னா."

சேம்பிலை என் கையில் கிழிந்தது. வேறு இலை எடுத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு. அப்படின்னா நாளைக்கு அவளுக்கு வசனம் வேண்டாம், விளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும் என்றேன். ரெபேகா அதையே போய்ச் சொல்லியிருக்கிறாள். லோசா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாளாம். கதை வேண்டாம், மற்றவர்கள் மாதிரி நானும் ஐந்து வரி மனப்பாட வசனம் சொல்கிறேன் என்று எழுதிக் காட்டினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். ரெபேகா முன்னால் தரையில், பிள்ளைகளோடு. லோசாவின் முறை வந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம். வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வரவில்லை.

பிள்ளை தடுமாறினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தாய் எடுத்துக்கொடுப்பது எங்கள் கோயிலில் வழக்கம்தான். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் வார்த்தை என் நுனிநாக்கில் வந்துவிட்டது. அப்போது ரெபேகா திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் தூக்கி, உள்ளங்கையை எங்களைப் பார்த்துக் காட்டினாள். பொறுங்கள் என்று. கோயில் முழுக்க விசிறிகள் நின்றன. எவனோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான், யாரோ அவன் தலையில் ஒன்று வைத்தார்கள். லோசா கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வர அதைவிட நேரம் ஆனது. நான்கு வரி சொன்னாள். ஐந்தாவது வரவே இல்லை. தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கிழவர்கள் பக்கத்திலிருந்து நல்லது, நல்லது என்று குரல் வந்தது.

அந்த நான்கு வரியும் அவள் கண் ரெபேகா மேலேயே இருந்தது. ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவில்லை. செய்கிறதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு அப்போதும் எரிந்தது. இப்படியும் ஒரு ஜென்மம்.

வெள்ளை ஞாயிறு விருந்தில் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. அவர்கள் பாயில் வரிசையாக உட்கார, பெரியவர்கள் நின்று பரிமாற வேண்டும். நான் சேம்பிலை அடுக்கின பேசினை இடது கையில் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்காகக் குனிந்து வைத்துக்கொண்டு வந்தேன். ரெபேகா பின்னாலேயே ஈ விரட்டி விசிறிக்கொண்டு வந்தாள். லோசாவிடம் வந்தேன். ஒன்று வைத்தேன். அம்மாவின் செல்லத்துக்கு இன்னொன்று என்று பேசினை உயர்த்திப் பிடித்து உள்ளே துழாவினேன்.

அவள் சாப்பிடவில்லை. அண்ணாந்து பேசினின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, எதையோ உரித்தெடுத்தாள்.

புகையும் எண்ணெயும் படிந்த ஒரு துண்டு டேப். எனக்கு மறந்தே போயிருந்தது. இன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். உருண்டை உருண்டையான பொடி எழுத்து, ரெபேகாவுடையது இல்லை. இந்தக் கையெழுத்தைத்தான் நான் தினமும் வீட்டுப்பாட நோட்டில் பார்க்கிறேன். 'தொடாதே. உள்ளே லோசா இருக்கிறாள்' என்று எழுதியிருந்தது.

"அ... அ... அம்..."

நின்றுவிட்டேன். விசிறியும் நின்றது.

"அம்மா. நீ... நீ... நீ..."

எனக்குத் தெரியும் அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று. எப்போதும் போல நானே சொல்லி முடித்துவிடலாம். நீ இன்னும் ஒண்ணு வைன்னு கேக்கிறியா, இந்தா என்று வேறு எதையாவது அவள் வாயில் வைத்து அடைத்துவிடலாம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள், பழகினதுதான். பேசினின் கனம் கையை இழுத்தது. பக்கத்துப் பிள்ளைகள் மென்றுகொண்டே எங்களைப் பார்த்தன. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடியது, நான் நின்றேன். அவ்வளவு நேரம் நான் அவளுக்காக ஒரு நாளும் நின்றதில்லை.

"நீ ஏ... ஏன்மா?"

ரெபேகா வேறு பக்கம் பார்த்தாள். ஏதோ சொல்லி என்னைக் காப்பாற்ற அவள் வாயெடுத்ததும் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல. பொறாம."

லோசா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த டேப்பைத் தன் வெள்ளைக் கவுனின் நெஞ்சில் வைத்தாள். ஒட்டு போய்விட்டிருந்தது, ஓரம் எழும்பியது. கட்டைவிரலால் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இரண்டு தடவை தேய்த்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே குனிந்து, இன்னொரு கையால் சாப்பிட ஆரம்பித்தாள். அடுத்த பிள்ளை தட்டை நீட்டியது. நான் அதற்கு வைத்தேன்.